கத்திரி வெயிலில் வீடு மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது

அக்னி நட்சத்திரம் சித்திரை 21-ஐ ஒட்டித் தொடங்கி வைகாசி 14-ஐ ஒட்டி முடியும். மே 4 முதல் 28 வரை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் மெக்கானிக்கைப் பிடிப்பது கஷ்டம். பிடித்தாலும் "காயில் போயிடுச்சு", "கேஸ் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பல நேரம் பொருள் கெட்டிருக்காது. வோல்டேஜ் போதாது, அல்லது காற்றில் ஈரம் அதிகம், அல்லது சூடு வெளியேற வழியில்லை. அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசில்லாமல் செய்யக்கூடிய சோதனையை முதலில் சொல்லியிருக்கிறோம். ஸ்குரூ டிரைவரை எடுப்பது அதற்குப் பிறகு.

ஃபேன் 5-இல் வைத்தும் மெதுவாகச் சுற்றுகிறது

ஒரு ஃபேனா, வீட்டிலுள்ள எல்லா ஃபேனுமா என்று முதலில் பாருங்கள். எல்லாமே மந்தம், அதிலும் இரவு 7 மணிக்கு மேல்தான் மந்தம் என்றால் அது லோ வோல்டேஜ். தெருவில் எல்லா வீட்டு ஏசியும் ஒரே நேரத்தில் ஓடுகிறது என்று பொருள். வர வேண்டியது 230 வோல்ட். அது 190 ஆக இறங்கினால் ஃபேனின் சுழல்விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஏனென்றால் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. மல்டிமீட்டர் இருந்தால் மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பிளக் பாயின்ட்டில் அளந்து குறித்துக்கொண்டு, மின்வாரியத்தின் 'மின்னகம்' எண்ணான 94987 94987-இல் புகார் கொடுங்கள். "கரண்ட் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, நேரத்தோடும் அளவோடும் சொல்லும் புகாருக்கு மதிப்பு அதிகம். இந்த நிலையில் ஃபேனைக் கழற்றி எந்தப் பயனும் இல்லை.

ஒரு ஃபேன் மட்டும் மந்தம் என்றால், ஏணி போட்டு இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். அங்கே தூசி கெட்டியாகப் படிந்திருந்தால் காற்று குறையும், சத்தமும் கூடும். ஈரத்துணியால் துடைக்கலாம், ஆனால் இறக்கையை அழுத்தி வளைத்துவிடக் கூடாது. ஒரு இறக்கை சற்று வளைந்தாலும் ஃபேன் ஆடத் தொடங்கும்.

துடைத்த பிறகும் மந்தமா? 'ம்ம்' என்று உறுமிக்கொண்டு நிற்கிறதா? குச்சியால் தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்குகிறதா? அப்படியானால் கண்டென்சர் வலுவிழந்துவிட்டது. சில ஆண்டுகள் வெப்பத்தில் ஓடினால் இப்படி ஆவது இயல்புதான். மாற்றும் முறை:

1. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. அந்த அறைக்கான எம்.சி.பி.யை, அதாவது மின்பெட்டியில் உள்ள பிரேக்கர் சுவிட்சை, இறக்குங்கள். பழைய ஒயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கக்கூடும். டெஸ்டரால் சரிபார்த்த பிறகே கை வையுங்கள்.
2. கொக்கிக்குக் கீழேயுள்ள கப்பைத் தளர்த்தி இறக்குங்கள். பெரும்பாலான ஃபேன்களில் கண்டென்சர் அங்கேதான் இருக்கும்.
3. ஒயரைக் கழற்றுமுன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்குரூ டிரைவரின் நுனியால் கண்டென்சரின் இரண்டு முனைகளையும் ஒருசேரத் தொட்டு மிச்சச் சார்ஜை இறக்குங்கள்.
4. பழையதன் மேல் அச்சடித்திருக்கும் அளவையே வாங்குங்கள். வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட் இருக்கும். பிளஸ், மைனஸ் கிடையாது. பழைய ஒயர்கள் இருந்த இடத்திலேயே புதியதைப் பொருத்துங்கள்.

வேகம் கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போடச் சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். முதல் வாரம் வேகம் வரும், பிறகு சுற்றுக்கம்பி சூடேறி முழு மோட்டாரும் போகும்.

கண்டென்சர் மாற்றியதும் வேகமாகச் சுற்றியும் கீழே காற்றே இல்லையென்றால் ஃபேன் எதிர்த்திசையில் ஓடுகிறது. பேஸ் ஒயர் கண்டென்சரின் தவறான பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கும். மறுபடி எம்.சி.பி.யை இறக்கி, போட்டோவைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். குறைந்த கரண்டில், பெரும்பாலும் ரிமோட்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இந்தப் பகுதி எதுவும் பொருந்தாது. அதில் இந்தக் கண்டென்சர் கிடையாது, சுவரிலுள்ள ரெகுலேட்டர் வழியாகவும் அதை இணைக்கக் கூடாது.

காற்று வருகிறது, ஆனால் அனலாக வருகிறது

இது ஃபேனின் குறையல்ல. ஃபேன் அறையைக் குளிர வைப்பதில்லை, வியர்வையை உலர்த்துகிறது, அவ்வளவுதான். அறையின் வெப்பம் தோலின் வெப்பமான 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் வீசும் காற்றே உடம்புக்குச் சூட்டைக் கொடுக்கும். வியர்வை தாராளமாக வருபவருக்கு அப்போதும் ஓரளவு பயன் உண்டு. வியர்வை குறைந்த முதியவர்களுக்கு இல்லை. 40 டிகிரியை நெருங்கும்போது ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம். கை, கால், கழுத்தை ஈரத்துண்டால் அடிக்கடி துடைத்துவிட்டு அதன் மேல் காற்றுப் படட்டும்.

தலைவலி, மயக்கம், கெண்டைக்காலில் பிடிப்பு, மஞ்சள் கடுத்த சிறுநீர் ஆகியவை தெரிந்தால் நிழலில் படுக்க வைத்து உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தட்டையான டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைக்கலாம். பேச்சு குழறுவது, ஆள் தெரியாமல் உளறுவது, உடம்பு நெருப்பாகக் கொதிப்பது இவற்றில் எது வந்தாலும் வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

வெளியே காற்று குளிர்ந்துவிட்டது, அறை மட்டும் கொதிக்கிறது

இரவு 9 மணிக்கு மேற்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி மேல்தளத்தைத் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறதோ அதுதான் உங்கள் எதிரி. மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீடுகளில் பெரும்பாலும் மேல்தளம்தான். கான்கிரீட் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்து, மணிக்கணக்காகத் தாமதித்து அறைக்குள் இறக்கும். மதியம் 2 மணி வெயிலின் சூடு படுக்கப் போகும் நேரத்தில் தலைக்கு மேல் வருவது இதனால்தான். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் செங்கல்லும் சுர்க்கியும் (செங்கல்தூள் கலந்த சுண்ணாம்புக் கலவை) தடிமனாக இருந்ததால் இவ்வளவு தெரியவில்லை.

மலிவான மருந்து வெள்ளைச் சுண்ணாம்பு. 1 கிலோ சுட்ட சுண்ணாம்புக் கல்லுக்கு 5 லிட்டர் தண்ணீர். இரும்பு டிரம்மில் நீற்றுங்கள். சுண்ணாம்பு நீறும்போது தண்ணீர் கொதிக்கும் என்பதால் பிளாஸ்டிக் வாளி இளகிப்போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்த்து, நன்றாகப் பெருக்கிக் கழுவி ஈரமாக இருக்கும் தரையில் இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது. வெயிலுக்கு முன்பே, பங்குனியில் அடிப்பது நல்லது. ஒரு பருவமழையில் பெரும்பகுதி கரைந்துவிடும். மீண்டும் மீண்டும் அடிக்க முடியாதவர்கள் கூல் ரூஃப் பெயின்ட்டுக்குப் போகலாம், செலவு பல மடங்கு. எதை அடித்தாலும் தூசி படிந்து பழுப்பேறினால் பலன் பாதியாகும். மாதம் ஒருமுறை கழுவுவதும் வேலையில் சேர்த்தி.

மாலையில் மொட்டைமாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பற்றி ஒரு கணக்கு. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 1 டன் ஏசி 11 நிமிடத்தில் வெளியேற்றும் வெப்பம் அது. ஆவியாகும் தண்ணீருக்குத்தான் இந்தக் கணக்கு. ஹோஸ் பிடித்து அடித்து மழைநீர்க் குழாய் வழியாக ஓடவிடும் தண்ணீர் சூட்டில் கொஞ்சத்தைத்தான் அள்ளிப் போகும். பழைய சணல் சாக்குகளைப் படுக்கை இருக்கும் இடத்துக்கு நேர் மேலே விரித்து, மாலை 5 மணிக்கு நனைத்தால் இரண்டு மூன்று வாளியிலேயே வேலை முடியும்.

சுவர் சுடுகிறது என்றால் வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். மூங்கில் தட்டியோ பச்சை வலையோ வெளிப்பக்கம் கட்டுங்கள். உள்ளே தொங்கும் திரை வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதான் தடுக்கிறது, அந்தச் சூடு அறைக்குள்தான் இருக்கும். காலை 9 மணிக்கு மேல் கிழக்கு ஜன்னலையும் மதியத்துக்கு மேல் மேற்கு ஜன்னலையும் மூடுங்கள். இருட்டியதும் எல்லாவற்றையும் திறந்து, ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலோரம் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அது உள்ளே உள்ள அனலைத் தள்ளும், எதிர் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வரும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் கிழக்குப் பக்கம் திறந்திருக்க வேண்டியது கடற்காற்று ஏறும் நேரத்தில். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாளில் கடற்காற்று தாமதிக்கும், அன்றுதான் வெயில் தகிக்கும்.

குழாயைத் திறந்தால் வெந்நீர்

முதல் இரண்டு மூன்று லிட்டர் மட்டும் சுட்டு, பிறகு சூடு இறங்கினால் குற்றவாளி மொட்டைமாடித் தரையில் கிடக்கும் குழாய். தொடர்ந்து சுட்டால் தொட்டி. குழாய்க்குச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது தரையிலிருந்து தூக்கி நிழலில் விடுங்கள். கறுப்புச் சின்டெக்ஸ் தொட்டிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, மேலே தென்னங்கீற்றில் ஒரு பந்தல் போட்டாலே வித்தியாசம் தெரியும். மோட்டாரை மாலையில் போட்டு நிரப்பினால் அதுவரை சுட்ட தொட்டியின் சூட்டில் புதுத் தண்ணீரும் சூடாகும். விடியற்காலையில் நிரப்புங்கள். மாலைக் குளியலுக்குக் காலையிலேயே இரண்டு வாளி பிடித்து மூடி வைப்பது இன்னும் எளிது.

ஏர் கூலர் போட்டால் கசகசப்பு கூடுகிறது

கூலர் கெடவில்லை, நீங்கள் ஜன்னலை மூடியிருக்கிறீர்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கும். அந்த ஈரம் வெளியே போகாவிட்டால் அறை முழுக்க நிறைந்து, பிறகு ஆவியாவதே நின்றுவிடும். கூலரை ஜன்னல் பக்கம், வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, எதிரே ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்து விடுங்கள்.

அப்படிச் செய்தும் திருப்தியில்லையென்றால் ஊரைப் பாருங்கள். வேலூரிலோ கரூரிலோ 40 டிகிரியும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள மதியத்தில் நல்ல கூலர் 27 டிகிரிக் காற்றைத் தரும். சென்னையில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள மாலையில் அதே கூலர் 31-க்குக் கீழே இறங்காது, ஈரத்தை வேறு கூட்டும். கடற்கரை ஊரில் கூலர் வாங்க யோசிப்பவர்களுக்கு எங்கள் பதில்: வேண்டாம், அந்தப் பணத்தில் மொட்டைமாடியைக் கவனியுங்கள்.

காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை, பேடில் பாதி காய்ந்திருக்கிறது என்றால் மேலே தண்ணீர் சொட்டும் துளைகள் உப்பு அடைத்திருக்கும். போர் தண்ணீரில் இரண்டே வாரத்தில் அடைக்கும். ஊசியால் குத்தி, வினிகரில் ஊறவைத்துத் தேய்க்கலாம். மீன் வாடை அடித்தால் தண்ணீர் பழசு. வாரத்தில் இரண்டு முறை முழுக்க வடித்து, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். தேய்க்காமல் தண்ணீரை மட்டும் மாற்றினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை சுவரில் ஒட்டியபடியே இருக்கும்.

மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாததும் இதே கணக்குதான். பானையின் வெளிச்சுவர் ஈரமாகக் கசிகிறதா? கசியவில்லையென்றால் துளைகள் அடைத்துவிட்டன. சோப்பு போடாமல் தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து வெயிலில் காயவையுங்கள். பெயின்ட் அடித்த அலங்காரப் பானை எவ்வளவு தேய்த்தாலும் குளிராது. கசிந்தும் குளிரவில்லையென்றால் பானை மூலையில் இருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், ஈர மணல் மேல் வையுங்கள்.

ஏசி ஓடுகிறது, குளிரவில்லை

ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள், கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அவுட்டோர் யூனிட்டைச் சுற்றி அட்டைப்பெட்டி, துணி எதுவும் அடைத்திருக்கக் கூடாது. பிறகு, உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரால் பாருங்கள். 8 முதல் 12 டிகிரி இருந்தால் ஏசி நலமாக இருக்கிறது, அறைதான் அதன் சக்திக்குப் பெரிது. வித்தியாசம் குறைவாக இருந்து, மெல்லிய செம்புக் குழாயில் பனியும் பிடித்திருந்தால் கேஸ் குறைந்திருக்கலாம். கேஸ் தீர்ந்துபோகும் பொருள் அல்ல, கசிந்தால்தான் குறையும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்காமல் நிரப்பிவிட்டுப் போகிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பதும் இல்லை. சாதாரண ஏசி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். உள்ளே தண்ணீர் சொட்டினால் ட்ரெயின் பைப்பின் வெளி நுனியில் வாய்வைத்து ஊதாமல், மெக்கானிக்கின் புளோயரால் அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள்.

மாவு புளித்து வழிகிறது

மார்கழியில் 10, 12 மணி நேரம் எடுக்கும் மாவு, மே மாதத்தில் 5 மணி நேரத்தில் பொங்கிவிடும். இரவு 8 மணிக்குக் கரைத்து காலை 6 மணிக்குத் திறந்தால் மாவு பொங்கி, நடுவில் அமுங்கி, பாத்திரத்தின் விளிம்பில் தடம் மட்டும் இருக்கும். அந்த மாவில் இட்லி தட்டையாகத்தான் வரும், சோடா உப்பு அதைக் காப்பாற்றாது. ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். புளிப்பு அதிகமென்றால் கொஞ்சம் அரிசி மாவும் ரவையும் சேர்க்கலாம்.

அடுத்த முறைக்கு: 4 கப் இட்லி அரிசி, 1 கப் உளுந்துக்கு வெந்தயம் அரை டீஸ்பூன் போதும். ஊறும் உளுந்தைத் தண்ணீரோடு பிரிட்ஜில் வைத்து, அந்தக் குளிர்ந்த தண்ணீரையே தெளித்து அரையுங்கள். கிரைண்டர் ஓடும் சூட்டிலேயே மாவு புளிக்கத் தொடங்குவதை இது தடுக்கும். மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உப்பை அரைத்தவுடன் போட்டுவிடுங்கள், புளிப்பைச் சற்று மெதுவாக்கும். பாதி மாவை உடனே பிரிட்ஜில் வைத்துவிட்டு, மீதியைப் பாத்திரத்தில் பாதியளவே நிரப்பி வெளியே விடுங்கள். படுக்கப் போகும் முன் பொங்கியிருந்தால், கலக்காமல் அப்படியே உள்ளே வையுங்கள்.

தயிரிலும் நேரம்தான் சிக்கல். அரை லிட்டர் பாலுக்கு அரை டீஸ்பூன் உறை போதும். இரவில் வெதுவெதுப்பான பாலில் உறை ஊற்றினால் நடுராத்திரியிலேயே உறைந்து, விடியும்போது புளித்திருக்கும். காய்ச்சி பிரிட்ஜில் வைத்த சில்லென்ற பாலில் ஊற்றுங்கள், மெல்லச் சூடேறிக் காலையில் சரியாக இருக்கும். தயிர் நூல் நூலாக இழுத்தால் உறையில் வேறு கிருமி கலந்திருக்கிறது. உறையை மாற்றி, பாத்திரத்தில் கொதிநீர் ஊற்றிக் கழுவுங்கள்.

காய்ச்சும்போதே பால் திரிந்தால் பாக்கெட் வாசலில் கிடந்த நேரத்தைக் கேளுங்கள். திரிந்ததில் கெட்ட வாடை இல்லையென்றால் வடிகட்டிப் பன்னீராக்கலாம், கசந்தால் கொட்டிவிடுங்கள். பழைய பாலின் மிச்சத்தைப் புதுப் பாலோடு சேர்ப்பது இரண்டையும் திரிய வைக்கும். பழைய சோற்றுக்கு: சாதம் ஆறியதும் மூழ்கத் தண்ணீர் ஊற்றுங்கள், மணிக்கணக்கில் கிடந்த பிறகு அல்ல. காலையில் வழவழப்பும் நாற்றமும் இருந்தால் உப்பு போட்டுச் சமாளிக்க வேண்டாம்.

பிரிட்ஜ் ஓய்வில்லாமல் ஓடுகிறது

கதவு ரப்பருக்கு நடுவே ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது. சோப்புத் தண்ணீரால் துடைத்து மறுபடி பாருங்கள், பல சமயம் அழுக்குதான். பின்பக்கம் சுவருக்கும் பிரிட்ஜுக்கும் இடையே 10 சென்டிமீட்டராவது விடுங்கள். தூசி படிந்த கம்பிவலை இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெயின்ட் பிரஷால் தட்டுங்கள். ஃபிராஸ்ட் ஃப்ரீ பிரிட்ஜில் மாம்பழமும் தண்ணீர் பாட்டிலும் அடைத்து உள்ளே இருக்கும் காற்றுத் துளையை மறைத்தால் ஃப்ரீசர் உறையும், கீழ்த்தட்டு குளிராது. கரண்ட் போய் வந்தால் 5 நிமிடம் கழித்துப் போடுங்கள்.

இன்வெர்ட்டர் ஒரு மணி நேரத்தில் கத்துகிறது

150 ஆம்பியர்-அவர் பேட்டரி நன்றாக இருந்தால் இரண்டு சாதாரண ஃபேனும் இரண்டு எல்.இ.டி. விளக்கும் ஆறு மணி நேரம் ஓட வேண்டும். ஒரு மணி நேரம்தான் என்றால், பேட்டரியைக் குறை சொல்லும் முன் இன்வெர்ட்டரின் பின்பக்கச் சுவிட்சைப் பாருங்கள். யு.பி.எஸ். மோடில் இருந்தால், வோல்டேஜ் 180-ஐ ஒட்டி இறங்கியதுமே அது பேட்டரிக்குத் தாவிவிடும். தெருவில் கரண்ட் இருக்கும், உங்கள் வீட்டில் பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும். கரண்ட் உண்மையில் போகும்போது மிச்சம் ஒன்றும் இருக்காது. கம்ப்யூட்டர் இல்லாத வீட்டில் சாதாரண மோடுக்கு மாற்றிவிடலாம்.

அது சரியாக இருந்தால் பேட்டரியின் மிதவைகளைப் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ வேண்டாம். குறிக்கு மேலே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் வழியும். கோடையில் மாதம் ஒருமுறை பார்ப்பது அவசியம், வெப்பத்தில் தண்ணீர் சீக்கிரம் குறையும். மூடிய அலமாரிக்குள் பேட்டரி இருந்தால் கதவைக் கழற்றிவிடுங்கள், சூடு தங்கினால் அதன் ஆயுள் வேகமாகக் குறையும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம். பேட்டரிக்கு மேலேயுள்ள தட்டைச் சாமி அலமாரியாக்கி விளக்கேற்றும் வீடுகளைப் பார்க்கலாம். அந்த விளக்கை இன்றே வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.